புற்றுமண்ணுக்குக் கீழே

பொன்னாடை போர்த்தியபோதே எனக்கு எரிச்சல் ஏற ஆரம்பித்துவிட்டது. முதியோர் இல்லம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கப் போனவர்களுக்கு எதற்குப் பொன்னாடை? கல்யாண வீட்டுக்கா வந்திருக்கிறோம்? ஆனால் எங்கள் பக்கத்தில் ஆய்வு என்றால் இப்படித்தான். வருகிற தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். வாசலில் பெரிய கோலம், மேசையில் சீவி வைத்த இளநீர், தட்டில் சூடு ஆறாத உளுந்த வடை. வடையைத் தின்றுவிட்டு எந்த வாயால் குறை சொல்வது? அதற்காகத்தானே வடை.

நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சங்கரன்கோவிலில் பாதிப் பேருக்கு நான் வெறும் சிஸ்டர். கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான் நிற்கும் என்று ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். அப்படி இருந்தும் முதியோர் இல்லங்களைப் பார்வையிடும் குழுவில் மருத்துவம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

குழுவுக்குத் தலைவரான அதிகாரி வாசுதேவநல்லூர்க்காரர். வயலும் வரப்புமாக வாழ்ந்த குடும்பத்தில் பிறந்து படித்து வேலைக்கு வந்தவர். கை நீட்டிக் காசு வாங்க மாட்டார். யாரையும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். அங்கேதான் வினையே. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதரை வைத்துக்கொண்டு என்ன ஆய்வு நடத்துவது? போதாததற்கு அன்றைக்கு அவருக்கு அவசரம் வேறு. வேலையை முடித்துவிட்டுப் புளியங்குடி மார்க்கெட்டில் ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று வண்டியிலேயே சொல்லிக்கொண்டு வந்தார்.

இல்லம் ஊருக்கு வெளியே, புளியங்குடி ரோட்டில் இருந்தது. நடத்துகிறவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. எங்களைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் சாம்பாரை ஊற்றிக் கொடுத்தார். அதிகாரி குடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு ஒரு நாளாவது அங்கே இருந்தவர்களுக்கு நல்ல சாம்பார் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

தீயணைக்கும் சிலிண்டர் சுவரில் தொங்கியது. அதைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பின்வாசல் கதவை அடைத்து அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள்.

"தீப்பிடிச்சா இவங்கள்லாம் எந்த வழியா வெளிய போவாங்க?" என்று கேட்டேன்.

"இன்னைக்கே எடுத்திருதேன் சிஸ்டர்" என்றார் நடத்துகிறவர்.

அதிகாரி தலையாட்டினார். எடுத்துவிட்டதாகவே அவருக்கு ஆகிவிட்டது.

அடுத்தது படுக்கை ஹால். ஃபினாயில் வாடை குப்பென்று அடித்தது. ஆனால் காலமெல்லாம் வார்டில் நின்ற மூக்கு என்னுடையது. அந்த ஃபினாயிலுக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. அழுகும் சதையின் வாடை. அதை ஒருமுறை முகர்ந்தவர்களுக்குப் பிறகு மறக்காது.

கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. எல்லாவற்றிலும் புதுப் போர்வை, கடையில் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை. எழுந்து நடக்க முடியாதவர்கள் எல்லோரும் மல்லாந்து, கழுத்து வரை போர்த்தப்பட்டு, கூரையைப் பார்த்துக் கிடந்தார்கள். ஒருவர் கைகூட வெளியே தெரியவில்லை. பார்ப்பதற்கு நேர்த்தியாக இருந்தது. படுக்கையில் கிடக்கிற மனுஷரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகும் இடுப்பும் அழுந்தி, தோல் செத்து, புண் வைத்துவிடும். எல்லோரும் ஒன்றுபோல மல்லாந்து கிடக்கிற இடத்தில் திருப்புகிறவர் யாரும் இல்லை என்று அர்த்தம்.

மூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதன்மேல் பித்தளைக் கிண்ணம். கிண்ணத்தில் மண்.

சங்கரநாராயணர் கோயிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண் அது. நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். படை, சொறி, சிரங்கு என்றால் தண்ணீரில் குழைத்துப் பூசுவார்கள். எங்கள் வீட்டில் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான். ஆனாலும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த மண் தெரியாமல் இருக்குமா? சின்ன வயதில் எனக்குக் கையெல்லாம் சிரங்கு வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா பூசிவிட்டிருக்கிறாள். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

கிண்ணத்தைக் கண்டதும் அதிகாரி செருப்பைக் கழற்றினார். குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு கண்ணை மூடினார். நடத்துகிறவர் பணிவாகச் சொன்னார்: "முதுகுல லேசா ஒரு புண்ணு சார். நம்ம கோயில் மண்ணுதான் வைக்கோம். ஆத்தா பாத்துக்கிடுதா."

"கோமதி அம்மன் இருக்கும்போது என்ன குறை" என்று சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அவ்வளவுதான், ஆய்வு முடிந்தது. போர்வையைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டிலில் கிடந்தவர் மெதுவாகக் கூப்பிட்டார். "யம்மா. வாசுதேவநல்லூர் சிஸ்டர்தான?"

முகம் பிடிபடவில்லை, குரல் பிடிபட்டது. பஸ் டிரைவர். நான் வாசுதேவநல்லூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் சங்கரன்கோவிலிலிருந்து என்னைத் தினமும் கொண்டுபோய் விட்டவர். நான் வரத் தாமதமானால் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திவைத்து ஹாரன் அடிப்பார். உள்ளே இருக்கிறவர்கள் கத்தினால், "ஊசி போடுத பிள்ளைய விட்டுட்டுப் போனா நாளைக்கு ஒனக்குத்தாம்வே வலிக்கும்" என்பார். அவ்வளவு பெரிய உடம்புக்காரர் இப்போது ஒரு கை, ஒரு கால் வாதத்தில் விழுந்து, போர்வைக்குள் இருக்கிறாரா இல்லையா என்று தேடுகிற அளவுக்கு வற்றிப் போயிருந்தார். மனைவி இறந்த பிறகு அண்ணன் மகன் இங்கே கொண்டுவந்து சேர்த்தாராம்.

"மண்ணுக்குக் கீழ எரியுதும்மா" என்றார் டிரைவர். "சொன்னா யாரும் கேக்க மாட்டேங்காங்க."

நான் பையைத் திறந்து கையுறையை மாட்டினேன். நடத்துகிறவர் ஓடி வந்தார்.

"சிஸ்டர், அது சாமி மண்ணு. கழுவப்பிடாது. உங்களுக்கு அதெல்லாம் தெரியாதுல்லா."

உங்களுக்கு என்ற சொல்லை எப்படி அழுத்தினார் என்பது எனக்குக் கேட்டது. அதிகாரிக்கும் கேட்டது. "சாமி காரியம் சிஸ்டர், விட்டுருங்க. பெரச்சினையாயிரும்" என்றார் அவர், வழக்கமான மெதுவான குரலில்.

"எனக்குச் சாமிகிட்ட ஒரு சண்டையும் கிடையாது சார்" என்றேன். ஹாலில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "தோலு மேல மண்ணப் பூசினா நான் எதுக்குக் குறுக்க வாரேன்? இங்க தோலே இல்ல. இந்த ஆளு என்னைக்காவது இவரத் திருப்பிப் போட்டிருந்தா, ஒரு பொட்டலம் பஞ்சு வாங்கிக் குடுத்திருந்தா, மண்ணுக்கு இங்க என்ன வேல? செய்ய வேண்டிய வேலயச் செய்யாம சாமி தலையில கட்டுதாரு. அவருக்குத் துணைக்கு நீங்க வேற நெத்தியில இட்டுக்கிட்டு நிக்கீங்க."

அதிகாரி முகம் சுண்டிப்போனது. போகட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

டிரைவரைத் திருப்ப ஒரு கை வேண்டியிருந்தது. வாசலோரம் நின்ற பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன். இளையரசனேந்தல் பக்கத்துக்காரி. வானம் பார்த்த பூமியில் மழை ஏமாற்றிவிட்டதால் இந்த வேலைக்கு வந்தவள். அத்தனை கட்டிலுக்கும் அவள் ஒருத்திதான். இரண்டு பேருமாக அவரைப் பக்கவாட்டில் திருப்பினோம். இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், மண் காய்ந்து ஓடாக ஒட்டியிருந்தது. சலைனை ஊற்றி ஊற்றி ஊறவைத்தேன். மண் கரைந்து இறங்க இறங்கப் பள்ளம் தெரிந்தது. என் கை முஷ்டி உள்ளே போகும். அடியில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பணிப்பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "நாந்தான் சிஸ்டர் தெனமும் வச்சேன். குளிச்சிட்டுச் சுத்தமாத்தான் வச்சேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்னு அண்ணாச்சிட்ட சொன்னேன். மண்ண வையி, ஆறிரும்னாங்க. ஆறிரும்னுதான் நானும் நெனச்சேன்."

அவளைத் திட்ட என்ன இருக்கிறது? கையில் கிடைத்ததை நம்பிக்கையோடு வைத்திருக்கிறாள். மருந்து கிடைத்திருந்தால் அதையும் அதே பக்தியோடு வைத்திருப்பாள்.

நான் போன் போட்டு வரவழைத்த ஆம்புலன்ஸ் வந்தது. பொன்னாடையை டிரைவரின் கால்மேல் போர்த்தி அனுப்பினேன். அதற்காவது அது உதவியது. "மத்தவங்களையும் திருப்பிப் பாருங்கம்மா" என்று ஸ்ட்ரெச்சரில் போகும்போது சொன்னார். பார்க்கத்தான் திரும்பினேன். ஆனால் அதற்குள் அதிகாரி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இன்றைக்கு இது போதும், கண்டிப்பாக எச்சரிக்கை கொடுத்துவிடுகிறேன் என்றார். தலைவர் இல்லாமல் குழு தொடர முடியாதாம். நான் வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தேன். அவர் எலுமிச்சம்பழம் வாங்கினாரா என்று தெரியாது. நான் புளியங்குடிக்கு முன்பே இறங்கி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எச்சரிக்கை கொடுத்தார்கள். அதன் பலன் என்ன தெரியுமா? அந்தப் பணிப்பெண்ணை வேலையை விட்டு நிறுத்தினார்கள். புண்ணில் மண் வைத்த குற்றத்துக்காக! நடத்துகிறவர் அதே வெள்ளை வேட்டியோடு இருந்தார்.

டிரைவர் பெரியாஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்தார். பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கெட்ட சதையை வெட்டி எடுத்து, நாள் தவறாமல் கட்டுப் போட்டு, புண் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடி வந்தது. சிவந்த புதுத் தோலைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு நான் வீட்டில் பாயசம் வைத்தேன்.

அப்புறம் ஒருநாள் அந்தப் பணிப்பெண் போன் செய்தாள். இப்போது ஒரு மில்லில் வேலைக்குப் போகிறாளாம். "சிஸ்டர், டிரைவர் அண்ணாச்சிய மறுபடியும் அங்கனயே கொண்டாந்து போட்டுட்டாங்களாம். அண்ணன் மகன் வேற எடம் கெடைக்கலன்னுட்டாராம்."

மறுநாளே அதிகாரியின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்குப் போக வேண்டும், நீங்கள் கிளம்பும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்றேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே எழுந்து சட்டையைச் சரிசெய்தார்.

இந்தமுறை கோலம் இல்லை, வடை இல்லை. அரிசி மூட்டைகள் அதே இடத்தில் இருந்தன. நடத்துகிறவர் பதறிப்போய் எங்களுக்கு முன்னால் ஹாலுக்குள் ஓடினார். மூலைக் கட்டில், அதே ஸ்டூல், அதே பித்தளைக் கிண்ணம். கிண்ணத்தில் இப்போது மண்ணுக்குப் பதிலாக ஒரு களிம்பு ட்யூப்.

"இப்ப எல்லாம் மருந்துதான் சிஸ்டர்" என்று பெருமையாகச் சொன்னார். டிரைவரின் போர்வையை அவரே விலக்கிக் காட்டினார். "பாருங்க, எப்படி ஆறிட்டு!"

டிரைவர் வலப்பக்கமாக ஒருக்களித்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பெரியாஸ்பத்திரியில் ஆற்றிக் கொடுத்த தழும்பு, வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி வழியைப் பார்த்து இருந்தது. அதிகாரி நிம்மதியாக மூச்சு விட்டார்.

நான் ட்யூபை எடுத்து மூடியைத் திருகினேன். வாயை மூடியிருந்த வெள்ளித்தாள் குத்தப்படாமல் அப்படியே இருந்தது.

"யம்மா" என்று சுவரைப் பார்த்தபடியே டிரைவர் சொன்னார். "அந்தப் புண்ணு ஆறினத வாரவுகளுக்குக் காட்டணும்னு வந்ததுலேந்து இப்படியேதான் போட்டு வச்சிருக்காக. கீழ இருக்க இடுப்பு எரியுதும்மா."

ஹாலைத் திரும்பிப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லோரும் போன தடவை போலவே மல்லாந்து, கழுத்து வரை போர்வையோடு, கூரையைப் பார்த்துக் கிடந்தார்கள். எனக்கு அப்போது கத்தக்கூடத் தோன்றவில்லை. ட்யூபை அதிகாரியின் கையில் வைத்தேன். அவர் அந்த வெள்ளித்தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிண்ணத்தைப் பார்த்தார்.

"ஆம்புலன்ஸ் எத்தன சிஸ்டர் சொல்லணும்?" என்று கேட்டார்.

"திருப்பிப் பாத்தாத்தான் தெரியும் சார். அந்தப் பக்கம் பிடிங்க."

அவர் ட்யூபைக் கீழே வைத்துவிட்டு முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்தார். நாங்கள் இரண்டு பேரும் டிரைவரின் கட்டிலில் ஆரம்பித்தோம்.