தொண்டைக்குள் போன நூல்

போதும், நான் வாயை மூடிக்கொண்டிருந்தது. டாக்டர் மரியநாதனுக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் எங்கள் பழைய தலைமை மருத்துவர் அரை மணி நேரம் பேசினார். அதில் மறைந்தவருக்குக் கிடைத்தது ஒரு வரி: "சொன்ன வேலையைத் தட்டாமல் செய்யும் உதவியாளர்." அதைக் கேட்டுவிட்டுக் காபி குடித்துக் கலைந்த நண்பர்களே, இது உங்களுக்குத்தான்.

அவர் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது உங்களில் ஒருவரும் அல்ல. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் காதர், திருவொற்றியூரில் என் கிளினிக் வாசலில் வந்து நின்றார். "நம்ம டாக்டரு பூட்டாரு சார். காலீல பேசிகினு இருந்தவரு அப்டியே சாஞ்சிட்டாராம்" என்றார். பிறகு தண்ணீர் கேட்டார். அவர் அண்ணாந்து குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொண்டையில் ஒரு வாய் தண்ணீர் இறங்காத காலம் ஒன்று இருந்தது.

அப்போது மரியநாதனும் நானும் ஒரே வார்டில் வேலை பார்த்தோம். ரம்ஜான் மாதம். காதர் வண்ணாரப்பேட்டையில் துணி வெளுக்கும் தோஸ்து ஒருவரின் கொட்டகைக்குப் போயிருக்கிறார். நோன்பு திறக்கும் பாங்கு கேட்டதும், மங்கிய வெளிச்சத்தில் கைக்கு எட்டிய டம்ளரை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார். அது துணிக்காகக் கரைத்துவைத்த, சதையையே அரிக்கும் காஸ்டிக் சோடா. பகல் முழுவதும் காய்ந்த தொண்டை. நின்று ருசி பார்க்கவில்லை.

உயிர் பிழைத்தார். ஆனால் வெந்த உணவுக்குழாய் ஆறும்போது தழும்பாகி இறுகிவிட்டது. தலைமை மருத்துவர் வயிற்றில் துளையிட்டு ரப்பர் குழாய் வைத்தார். புனல் வழியாகப் பாலும் முட்டையும் ஊற்றினோம். காதர் தேறவில்லை, எலும்பும் தோலுமானார். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தலைமை சொல்லிவிட்டுப் போனது.

மரியநாதன் கட்டிலில் உட்கார்ந்து காதரிடம் கேட்டார்: "இன்னா துன்ன ஆசை?"

"வஞ்சிரம் வறுவல். ஏன் டாக்டரு வயித்தெரிச்சல கெளப்புற?"

மறுநாள் வறுவலும் சோறும் வந்தன. விழுங்காமல் நன்றாக மென்று, ருசித்து, புனலில் துப்ப வேண்டும் என்றார் மரியநாதன். அது குழாய் வழியே வயிற்றுக்குப் போகும். காதரின் மனைவி கொதித்துப்போனார். "வாயில வெச்ச சோத்த துப்பறதா? பரக்கத்து, அல்லா குடுத்த அருளு, பூடும் டாக்டரு!"

"வெளியேவாம்மா துப்பறாரு? அவரு வயித்துக்குத்தானே போவுது. வாய் ருசிச்சாத்தான் வயிறு தன் வேலைய ஆரம்பிக்கும்."

அவர் சொன்னது உடலியல் உண்மை. நாக்கு ருசி அறிந்ததுமே இரைப்பையில் சாறு ஊறத் தொடங்குகிறது. மெல்லும்போது எச்சில் கலந்து மாவுப்பொருள் கரையத் தொடங்குகிறது. நாங்கள் வாயைத் தாண்டி வயிற்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம். தனியாகச் சாப்பிட்டால் பசிக்காது என்று மரியநாதன் தம் டிபன் கேரியரையும் காதரின் கட்டிலிலேயே திறந்தார். தலைமை மருத்துவர் பார்த்துவிட்டார்.

"இது வார்டா, ஓட்டலா?"

"இப்போதைக்கு ரெண்டும்தான் சார்."

காதர் சதை போட்டார். அதன் பிறகுதான் நூல். மெல்லிய பட்டு நூலின் நுனியை வாயில் விட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னார் மரியநாதன். "உணவுக்குழாய்க்குக் குழாய்னு பேரு வெச்சதே தப்பு. கை மாதிரி பிடிச்சு பிடிச்சு கீழ தள்ளும். அந்தக் கை இன்னும் சாவல" என்பார். மறுநுனியை மூக்கோரம் ஒட்டிய நூலோடு காதர் கண் சிமிட்டினார்: "மீன் புடிக்கிற ராயபுரத்து ஆளுன்றது சரியா கீது. எனக்கே தூண்டில் போட்டுட்டியே நைனா!"

நூல் ஒருநாள் இரைப்பைக்கு வந்தது. வயிற்றுத் துளை வழியாக அதன் நுனியை எடுத்தார். அதில் ரப்பர் விரிப்பான்களைக் கட்டி, மெலிதிலிருந்து தடிமன்வரை, மாதக்கணக்கில் மெல்ல மேலே இழுத்து வழியை அகலப்படுத்தினார். முறை அவர் கண்டுபிடித்ததல்ல, புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் எல்லோரிடமும்தான் இருந்தது.

அடுத்த ரம்ஜானில் காதர் நோன்புக் கஞ்சியோடு வார்டுக்கு வந்தார். எங்கள் எதிரில் ஒரு வாய் எடுத்து, விழுங்கினார். அவர் மனைவி அழுதார். மரியநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தச் சிகிச்சை தலைமை மருத்துவரின் சாதனையாக மேடைகளில் பேசப்பட்டது. நான் சண்டை போட்டேன், வேலையை விட்டேன். மரியநாதனையும் கத்தச் சொன்னேன். "அவன் முழுங்கறான்ல, வுடுப்பா" என்றார். அதற்காக அவர்மேலும் எனக்குக் கோபம் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரு கேள்வி. வயிற்றுநோய் என்று யார் வந்தாலும், கைவைத்துப் பார்க்கும் முன் "என்ன சாப்பிட ஆசை?" என்று கேட்கிறேன். என் முகத்துக்கு அது பொருந்துவதில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

இதன் அடியில் என் பெயரை எழுதினேன். பிறகு யோசித்தேன். பெயரைப் பார்த்ததும் நீங்கள் என் பழைய பகையைப் பேசுவீர்கள். மரியநாதன் மறுபடியும் ஒரு வரியாகிவிடுவார். பெயரை அடித்துவிட்டேன். இப்படியே உறையிலிட்டுத் தபாலில் போடுகிறேன். நடந்தது உண்மையா என்று கேட்க வேண்டுமானால், துறைமுகத்துக்குப் போய்க் காதரைக் கேளுங்கள். சாப்பாட்டு வேளையில் போங்கள்.