மாமன் மடி

என் அண்ணன் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறான். வகுப்போடு விட்டால் பரவாயில்லை. எதைக் கண்டாலும் அவனுக்குப் பல லட்சம் வருடம் பின்னால் போய்விட வேண்டும். இனிப்பைக் கண்டால் எனக்குக் கை நிற்காது. அது காட்டில் பழம் பொறுக்கித் தின்றவர்களின் ஆசை, உன் தப்பில்லை என்பான். தெருநாய் படுக்கும் முன் சுற்றிச் சுற்றி வந்தால் அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பான். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து, அவள் உள்ளங்கையில் விரலை வைத்தான். இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தாயோட ரோமத்தப் புடிச்சித் தொங்கிக்கினு இருந்த காலத்துப் பழக்கம். இன்னும் வுடல பாரு" என்றான்.

எங்க வூட்டுப் புள்ளய கொரங்குன்றாரே என்று என் மாமியார் வெகுநாள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் அண்ணனோடு பிறந்தவள் இல்லை. அப்பா கல்வராயன் மலைக்குச் சரக்கு வண்டி ஓட்டியவர். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில், பிரசவத்தில் தாய் போய்விட்ட கைக்குழந்தையை வளர்க்க ஆளில்லை என்றார்கள். ஊர்க்காரர்கள் சம்மதத்தோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அண்ணன் அப்போதே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். நான் வந்து இறங்கியதைப் பார்த்தவன். வீட்டில் யாரும் அதை மறைத்ததில்லை, எடுத்துப் பேசியதுமில்லை. களமருதூரிலிருந்து பெண் கேட்டு வந்தவர்களிடம் அம்மா முதலிலேயே சொல்லிவிட்டாள். பரவாயில்லை என்றுதான் கட்டிக்கொண்டார்கள்.

என் கணவர் நல்ல மனிதர்தான். கோபம் வந்தால் மட்டும் வாயில் முதலில் வருவது அதுதான். "மலையிலேர்ந்து தூக்கியாந்ததுக்கு வாயப் பாரு" என்பார். நாலு சுவருக்குள் சொல்வார். வெளி ஆள் முன்னால் சொன்னதில்லை.

மகளுக்குக் காது குத்து ரிஷிவந்தியம் பக்கம் அவர்களுடைய குலதெய்வக் கோயிலில் நடந்தது. அண்ணன் தட்டு வரிசையோடு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். மொட்டை போட்டாயிற்று. சந்தனம் பூசிய தலையோடு குழந்தை அவன் மடியில் உட்கார்ந்திருந்தாள். பத்தர் கம்மலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் என் நாத்தனார் சும்மா கேலிக்குக் கேட்டாள்:

"எல்லாத்துக்கும் மாமன் மடிதான் வேணுமா? அத்தை மடின்னா இன்னா, முள்ளா குத்துது?"

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அண்ணன் பதில் சொன்னான்.

"காரணம் இருக்குதுங்க. ஒரு கொழந்தைக்குத் தாய் யாருன்னு ஊருக்கே தெரியும். தகப்பன் யாருன்னு தாய் சொன்னாத்தான் தெரியும். மிருகத்துலயும் அப்படித்தான். அதனாலதான் தாயோட கூடப் பொறந்தவன் கையில புள்ளயக் குடுத்தாங்க. இங்க இருக்கிற ஆம்பளைங்கள்ல, இது என் ரத்தம்னு சந்தேகமே இல்லாம சொல்லக்கூடியவன் நான் ஒருத்தன்தான்."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் குனிந்து தரையைப் பார்த்தாள்.

என் கணவர் பந்தல் காலைப் பிடித்து நின்றிருந்தவர், விட்டுவிட்டு முன்னால் வந்தார். முகம் சிவந்திருந்தது. சிவக்காதா பின்னே? அத்தனை சொந்தத்துக்கு நடுவில் அவர் பிள்ளைக்கு அவர் தகப்பனா என்று கேட்டாகிவிட்டது. பதிலுக்கு அந்த மலைப் பேச்சில் ஒரே ஒரு வாக்கியம் போதும். அண்ணன் குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான். ஊர் முன்னால் நான் அவமானப்படுவேன் என்பதைவிட, அதைக் கேட்டு அண்ணன் முகம் என்ன ஆகுமோ என்றுதான் பயந்தேன்.

"யோவ் மச்சான், இவ உனக்கு..." என்று ஆரம்பித்தார்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். வகுப்பில் சந்தேகம் கேட்கும் மாணவனைப் பார்ப்பானே, அந்தப் பார்வை. நடிப்பே இல்லை. அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் கணவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"...இவ உனக்கு ரொம்பத்தான் எடம் குடுத்து வச்சிக்கினு இருக்கா. புள்ள தலய நேரா புடி" என்றார்.

பத்தர் குத்தினார். குழந்தை வீறிட்டாள்.

வண்டியில் திரும்பும்போது அவர் கேட்டார்: "உங்க அண்ணனுக்கு நெசமாவே நெனப்பு இல்லியா?"

"இல்ல" என்றேன். அதற்கப்புறமும் எங்களுக்குள் சண்டை வந்துகொண்டுதான் இருக்கிறது. மலைப் பேச்சு மட்டும் இதுவரை வரவில்லை.

மறுநாள் அண்ணன் போன் செய்தான். இரவு முழுக்க அம்மா திட்டியிருக்கிறாள், எதற்கென்று மட்டும் சொல்லவில்லை.

"மாப்ளய அப்படிப் பேசினது தப்புதான். மன்னிப்பு கேட்டுக்கிறேன். ஆனா ரத்தத்தப் பத்தி நான் சொன்னது சரிதான? அதுல இன்னா தப்பு?"

"சரிதான்ணா" என்றேன்.