கேட்காமல் பிடுங்கிய ஒயர்

மேரி இறந்துபோன செய்தி ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து டிரங்க் லைனில் வந்தது. "அக்கா, நம்ம மேரியம்மா விடியக்காலையில போயிட்டாங்க" என்றார் அங்கிருந்த ஆபரேட்டர். என்ன ஆயிற்று என்று நான் கேட்டு முடிப்பதற்குள் லைன் போய்விட்டது. யாரோ ஓர் அதிகாரி பேசுவதற்காக, இடையில் இருந்த எக்ஸ்சேஞ்சில் எங்கள் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

மேரியோடு வேலை பார்த்த உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விருத்தாசலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நானும் அவரும் அடுத்தடுத்த நாற்காலி. வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் வழியில் உள்ள ஒவ்வோர் ஊர் ஆபரேட்டரும் ஒயரைச் செருகி இணைப்புத் தர வேண்டும். லைன்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் அடுத்தவர் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் மணிமுத்தாறு பெருக்கெடுத்தது. ஊர் ஊராக வெள்ளச் செய்தியை முதலிலிருந்து சொல்லிச் சொல்லி மேரிக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஓர் ஏற்பாடு செய்தார். உயிர் ஆபத்து என்றால் லைனில் 'மணிமுத்தா' என்று ஒரே ஒரு வார்த்தை. அதைக் கேட்கும் ஆபரேட்டர், முதலில் லைனில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். "முடிஞ்சுதுங்களா? ஒரு உசுரு விசயம்" என்று அவரிடம் கேட்க வேண்டும். அவர் விட்டுக் கொடுத்ததும் லைனை எடுத்து, அடுத்த ஊருக்கு அதே வார்த்தையைச் சொல்ல வேண்டும். காரியம் முடிந்ததும், விட்டுக் கொடுத்தவரையே முதலில் கூப்பிட்டு லைனைத் திருப்பித் தர வேண்டும். சுற்றுவட்டார ஆபரேட்டர்கள் அத்தனை பேரும் இதைப் பாடமாக வைத்திருந்தோம்.

பீங்கான் பட்டறை ஒன்றில் சூளைக் கொட்டகை சரிந்து ஆட்கள் சிக்கிய அன்று அந்த வார்த்தை வேலை செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கடலூர் லைனில் ஒரு ஜாடி வியாபாரி விலை பேசிக்கொண்டிருந்தார். மேரி கேட்டார். "எடுத்துக்கம்மா" என்று வியாபாரி உடனே வைத்துவிட்டார். ஆஸ்பத்திரி வண்டி கிளம்பியது தெரிந்ததும் மேரி அவரைக் கூப்பிட்டார். வியாபாரத்தை விட்டுவிட்டு அந்த மனிதர் முதலில் கேட்டது, ஆட்கள் பிழைத்தார்களா என்றுதான். "புடுங்கறதுக்குக் கை போதும்க்கா. திருப்பிக் குடுக்கத்தான் நெனப்பு வேணும்" என்று மேரி அடிக்கடி சொல்வார்.

பெரிய அதிகாரி ஒருவர் இதைக் கேள்விப்பட்டு மெச்சினார். மெச்சியதோடு நிறுத்தியிருக்கலாம். வார்த்தையை உத்தரவாகப் போட்டார். கேட்பது நேர விரயம் என்று அதை எடுத்தார். திருப்பித் தருவது வீண் வேலை என்று அதையும் எடுத்தார். அதிகாரிகள் பேச வேண்டுமென்றாலும் 'மணிமுத்தா' சொல்லலாம் என்று சேர்த்தார். மூளை இருக்கிற மனிதன் செய்கிற காரியமா இது? மேரி நேரே அவர் அறைக்குப் போனார். பொதுஜனத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டு உட்கார முடியுமா என்று அவர் சிரித்திருக்கிறார்.

"அப்ப அதுக்கு வேற பேரு வெச்சுக்குங்க சார். எங்க ஆத்துப் பேரு வேணாம்" என்றார் மேரி.

அடுத்த மாதமே ஸ்ரீமுஷ்ணத்துக்கு மாற்றல். தினமும் பஸ்ஸில் போய் வர முடியாமல் குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டார்.

அவருக்கு நெஞ்சுவலி வந்த இரவு, அவர் கணவர் விருத்தாசலத்தில் இருந்த டாக்டரை லைனில் பிடித்து வலி எங்கே என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, இடையில் லைன் அறுந்தது. 'மணிமுத்தா' வந்திருக்கிறது. ஓர் அதிகாரிக்குக் கோவில் பக்கத்தில் தங்க அறை வேண்டுமாம். யாரும் கூப்பிட்டுத் திருப்பித் தரவில்லை; லைன் மறுபடி கிடைத்தபோது பொழுது விடிந்துவிட்டது. உடனே பேசியிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாதாம். ஆனால் ஒரு வாய் வார்த்தை கேட்டிருந்தால், அந்தக் கணவர் 'முடியலைங்க' என்று சொல்லியிருப்பார் என்பது தெரியும்.

எங்கள் எக்ஸ்சேஞ்சில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு, உத்தரவு போட்ட அந்தப் பெரிய அதிகாரி மாலையோடு வந்தார். நொடியில் லைன் கிடைக்கும் ஏற்பாட்டைத் தந்தவர் என்று மேரியைப் புகழ்ந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பாதியில் எழுந்து ஒயர் செருகும் போர்டுக்குப் போய், டியூட்டியில் இருந்தவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன்.

மேரியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கே அதற்கு வேலை வந்தது. கடலூரிலிருந்து, "மணிமுத்தா. ஐயா பேசணுமாம்" என்றார்கள். லைனில் ஒரு பெண், ஆஸ்பத்திரியில் கிடக்கும் தன் அப்பாவைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம்ங்க" என்றார்.

"பேசுங்க" என்றேன். ஐயா காத்திருந்தார்.