ஏரித் தரையில் ஒரு தகடு

அயனம்பாக்கம் ஏரி கோடையில் பின்வாங்கும்போது, மழைக்காலத்தில் விழுங்கியதையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே தள்ளும். அறுந்த செருப்பு, கரைந்துபோன பிள்ளையாருக்குள் முதுகெலும்பாக இருந்த கம்பி, பாட்டில் மூடிகள், யாரோ ஒரு பெண்ணின் ஒற்றை வளையல். என் தம்பியை மட்டும் அது தள்ளவில்லை.

நாலு வருஷம் ஆகிறது. மழை விட்ட ஒரு மாலையில் அவன் பைக் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தது, சாவி அதிலேயே. ஆள் இல்லை. தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகில் துழாவினார்கள். பிணம் மிதக்கவில்லை. மிதக்காததால் தெருவில் பாதிப் பேர் அவன் எங்கேயோ ஓடிப்போய்விட்டான் என்றார்கள், மீதிப் பேர் சேறு பிடித்து வைத்திருக்கிறது என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் காணவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் அவன் மனைவி குடிபோனாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

எங்கள் வீட்டு மாடியில் அவள், கீழே நானும் என் மனைவியும். காலையில் அம்பத்தூர் எஸ்டேட் துணிக் கம்பெனிக்குக் கிளம்பும்போது, கண்ணாடியில் ஒட்டிவைத்திருக்கும் ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து நெற்றியில் வைப்பாள். வைக்கவும் பயம், வைக்காமல் இருக்கவும் பயம். சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. குங்குமத் தட்டோடு வரிசையாக வந்த பெண் இவளுக்கு முன்னால் வந்ததும் நின்றாள். தட்டு நீண்டது, கொஞ்சம் பின்னால் போனது, மறுபடி நீண்டது. அதற்குள் இவளே எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி வெளியே போய்விட்டாள். அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்கும் அவள் வருவதில்லை. புருஷன் செத்தவளுக்கு ஒரு இடம் இருக்கிறது, கொடுமையான இடம்தான், ஆனாலும் இடம். இவளுக்கு அதுவும் இல்லை.

என்னோடு படித்த சிநேகிதன் ஒருவன் பிளம்பர். ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டின் தலைமேலேயே தாரைக் கொட்டிக்கொண்டு போவதால் சாக்கடை மூடிகள் அடியில் புதைந்துவிடுகின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க அவன் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினான். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தூக்கிக்கொண்டு வற்றிய ஏரிக்குள் இறங்குவான்.

"வா மாமே, ராஜா காலத்துப் பொதையல் கீது. ஆளுக்குப் பாதி."

கிடைத்ததெல்லாம் ஆணியும் செல்லாத காசும்தான். நானும் கூடப் போனேன். எதையும் தேடிப் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். அவனும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் தம்பியின் பைக் நின்ற இடத்திலிருந்து நேர்கோடாக, தண்ணீர் எவ்வளவு தூரம் விலகுகிறதோ அவ்வளவு தூரம், வாரா வாரம் நாங்கள் இறங்கிக்கொண்டே இருந்தோம்.

வைகாசியில் ஒரு நாள் மிஷின் வேறு மாதிரி கத்தியது. ஆணிக்கு அது முனகும். இது அடிபட்ட நாய்க்குட்டி போல விடாமல் வீறிட்டது. பாளம் பாளமாக வெடித்திருந்த களிமண்ணைப் பெயர்த்தோம். ஒரு மண் கலயத்தின் ஓடுகள், மக்கிப்போன சிவப்புத் துணித் துண்டு, அவற்றோடு உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பட்டை. சுண்டுவிரல் அகலம். லேசான வளைவு. வரிசையாக ஓட்டைகள். ஓர் ஓட்டையில் திருகு இன்னும் இருந்தது. மேலே சுண்ணாம்பு பூசியதுபோல் சேறு இறுகியிருந்தது. இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். கேட்டுக் கீலுமில்லை, குழாய் கிளாம்ப்பும் இல்லை. "இன்னான்னே தெரியல மாமே" என்று அவன் அதைப் பையில் போட்டுக்கொண்டான்.

திருவேற்காடு ரோட்டில் டீ குடிக்க நின்றபோது அதை எடுத்து பெஞ்சில் வைத்தான். ஆவடியில் டேங்க் செய்யும் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டேங்க் பார்ட்டுல்லா இது. முப்பது வருசம் இதத்தான பாத்தேன். லாக் பிளேட்டு. டிராயிங் இருந்தா நம்பரே சொல்லிருவேன்."

"ஏரிக்குள்ள டேங்க் எப்டி வந்துச்சி அண்ணாத்தே? குளிக்க வந்துச்சா?" என்றான் பிளம்பர்.

ஆவடிப் பக்கம் எந்த உலோகம் அகப்பட்டாலும் அது டேங்க்தான். குழந்தையின் நடைவண்டிச் சக்கரத்தைக் கொண்டுவந்தாலும் எங்கள் ஆட்கள் அதற்கு ஒரு பீரங்கி கண்டுபிடிப்பார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் எதிர்ச்சாரியிலிருந்து காந்தத்தோடு வந்தார். ஒட்டவில்லை. "எஸ்.எஸ்ஸு, எவர்சில்வரு" என்று சொல்லிவிட்டு அக்கறை இழந்தார். டீ மாஸ்டர்தான் பயந்தார்.

"தகடுன்னா எவனாவது செய்வென வெச்சதா இருக்கப் போது. கைய கயுவுங்கப்பா. கிளாஸ தொடாத, நான் ஊத்தித் தரேன்."

பக்கத்துத் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "குடு இப்டி." நகத்தால் சேற்றைச் சுரண்டினாள். "இன்னாயா ஆம்பளைங்க நீங்க. இது எலும்புல வெச்சி முடுக்கறது. எங்க ஊட்டுக்காரு தொடையில இருந்துச்சி, இதவிட நீட்டு. எடுத்தப்பொறம் என் கையிலயே குடுத்துட்டாங்கோ. அந்த ஸ்க்ரூவ பாரு, மரை எவ்ளோ அகலமா கீது. இரும்புக்கா போடுவாங்கோ அத?"

பிளம்பர் என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும்.

கல்யாணமான புதிதில் எஸ்டேட் சிக்னலில் ஒரு வேன் தட்டி, தம்பியின் இடது காலில் முட்டிக்குக் கீழே எலும்பு முறிந்தது. தகடு வைத்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று அதோடேயே நடந்தான். மழை வருவதை எங்கள் வீட்டில் முதலில் சொல்வது அந்தக் கால்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே குனிந்து தடவுவான், என் மனைவி மாடிக்குப் போய்த் துணியை எடுப்பாள்.

திரும்பவும் ஏரிக்கு ஓடினோம். குழியைச் சுற்றிக் கையாலேயே தோண்டினோம். எலும்புக்கு மிஷின் கத்தாது. நகக்கண்களில் ரத்தம் வரும்வரை தோண்டியும் கலயத்தின் ஓடுகள்தான் வந்தன.

"ஸ்டேஷனுக்குப் போலாமா மாமே?"

"மொதல்ல ஊடு."

தம்பி மனைவி மாடிப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் தகட்டை நீட்டினேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கோயிலில் வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினாள்.

"எங்க கெடச்சுது மாமா?"

"பைக் நின்ன எடத்துக்கு நேரா."

பீரோ மேலிருந்து எக்ஸ்ரே உறையை எடுத்துவந்தாள். டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பனி மூட்டத்தில் நிற்கும் மரம் போல எலும்பு, அதன்மேல் பளீரென்று வெள்ளைப் பட்டை. அதே வளைவு, அதே ஓட்டைகள். என் மனைவி வாயில் புடவையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இவள் அழவில்லை. குழாயடியில் போய்க் குந்தினாள். வெள்ளிக்கிழமை விளக்கைத் தேய்ப்பதுபோல, புளி போட்டு அந்தத் தகட்டைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் பேசினாள்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள கருமாதி வெச்சிடலாமா மாமா?"

"வெக்கலாம்மா."

"ஒடம்பு கெடைக்கலன்னா தர்ப்பையில ஆள் மாதிரி செஞ்சி எரிப்பாங்களாமே. இத அதுல வெச்சிடலாம். அந்தக் கால் மட்டுமாவது நெஜமா இருக்கும்."

அன்று மதியம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். ரசத்துக்கு மறுசோறு கேட்டாள். நாலு வருஷத்தில் அவள் மறுசோறு கேட்டு நான் கேட்டதில்லை. யார் யாருக்குச் சொல்ல வேண்டும், மொட்டை மாடியில் பந்தல் போடலாமா, அம்மா வீட்டிலிருந்து யார் கோடி போடுவார்கள் என்று என் மனைவியிடம் அடுக்கிக்கொண்டே போனாள். முகத்தில் ஏதோ அவிழ்ந்திருந்தது. துக்கம் இவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று யார் நினைத்தார்கள்.

தகடு ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தது. கை கழுவிவிட்டு வந்தவன் அதைப் பார்த்தேன். வெயில் அதன்மேல் சாய்ந்து விழுந்திருந்தது.

ஒரு ஓரத்தில் வைக்கோல் நிறம். அது பழுப்பாகி, ஊதாவாகி, திருகு இருந்த பக்கம் மயில்கழுத்து நீலம். அதற்கும் அப்பால் மங்கிய சாம்பல்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் உலோகத்தைச் சூடேற்றிப் பதப்படுத்தும் ஒரு ஹீட் ட்ரீட்மெண்ட் பட்டறையில் உலைக்கு முன்னால் நிற்பது என் பிழைப்பு. இந்த வரிசையை நான் தினமும் பார்க்கிறேன். உலோகம் சூடேறினால் இந்த நிறங்கள் இந்த முறையில்தான் வரும், ஆறிய பிறகும் தோலில் தங்கிவிடும். எஸ்.எஸ். கொஞ்சம் அடம்பிடிக்கும், நெருப்பு கடுமையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். சேற்றில் எத்தனை வருஷம் கிடந்தாலும் இது வராது. தண்ணீரில் செத்தவன் காலில் இது வராது.

அப்போதுதான் கலயத்தின் ஓடுகள் ஞாபகம் வந்தன. சிவப்புத் துணி. எங்கள் பக்கத்தில் சாம்பல் கரைக்கக் கடலுக்குப் போய்வர அரை நாள் ஆகிவிடும். முடியாதவர்கள் விடியற்காலையில் கலயத்தின் வாயைத் துணியால் கட்டி ஏரியிலேயே விட்டுவிடுவார்கள். எலும்போடு சேர்த்து அள்ளியதில் தகடும் வந்திருக்கும். இப்படிப்பட்ட தகடு கடையில் அளவு சொன்னால் கிடைப்பது, ஊரில் எத்தனை கால்களில் இருக்கிறதோ.

சொல்லாமல் இருக்கலாம். தர்ப்பை உருவத்தில் யாரோ ஒருவரின் தகடு இரண்டாம் முறை வேகட்டும், இவள் ஒரு கரையில் ஏறட்டும். ஜன்னலருகே நின்று இதைத்தான் நினைத்தேன். பிறகு ஒன்று தோன்றியது. என்றைக்காவது தெருமுனையில் அவன் நொண்டிக்கொண்டு வந்து நின்றால்?

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"இன்னா மாமா?"

"இது நெருப்புல போயிருக்கும்மா."

புரிய நேரமானது. தட்டுகளைக் கீழே வைத்தாள்.

"வெயில்ல கெடந்தா இந்தக் கலர் வராதா?"

"வராது."

"தண்ணியில ஊறுனா?"

"வராதும்மா."

"அனாதப் பொணம்னு எங்கியாச்சும் எரிச்சிருந்தா?"

"அப்போ சாம்பல நம்ம ஏரிக்கு யாரு கொண்டாந்திருப்பா?"

தகட்டை எடுத்துத் திருப்பினாள். நிறங்கள் அவள் விரல்களுக்கு நடுவே நகர்ந்தன. அழகாகத்தான் இருந்தன, அதுதான் பொறுக்கவில்லை.

"யாரோ நல்லா செஞ்சி அனுப்பியிருக்காங்க," என்றாள். பொறாமை மாதிரி இருந்தது குரல். "கொள்ளி வெச்சி, சாம்பல் அள்ளி, துணி கட்டி… எல்லாம் ஒயுங்கா." பிறகு மெதுவாக, "ஏன் மாமா எங்கிட்ட சொன்னீங்க?"

தகட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வரை மேலே நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பி இறங்கியபோது நெற்றியில் பொட்டு இருந்தது. என் மனைவி அவள் பக்கம் பார்க்காமல் பால் பாக்கெட்டை வெட்டினாள்.

அடுத்த ஞாயிறு பிளம்பர் வாசலில் வந்து ஹாரன் அடித்தபோது அவளும் இறங்கி வந்தாள். கையில் புதுத் துணியில் சுற்றிய தகடு, ஒரு கட்டி கற்பூரம். "எவங்க ஊட்டு ஆளோ. அவங்க உட்ட எடத்துலயே உட்டுடலாம்." பைக் கிடைத்த நாளுக்குப் பிறகு அவள் ஏரிக்கு வருவது அன்றுதான். குழியில் தகட்டை வைத்தோம். கற்பூரத்தைக் காற்று இரண்டு முறை அணைத்தது. மூன்றாம் முறை பிளம்பர் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டான். அவளே மண்ணைத் தள்ளி மூடினாள். யாருக்குக் கும்பிடுகிறோம் என்று தெரியாமல் மூன்று பேரும் கும்பிட்டோம்.

திரும்பிப் போகலாம் என்று நான் நடக்க ஆரம்பித்தேன். அவள் நகரவில்லை.

"அண்ணா, இது எலும்புக்குக் கத்தாது இல்ல?"

பிளம்பர் தலையை ஆட்டினான். "கத்தாதும்மா."

"தகட்டுக்குக் கத்தும்."

"கத்தும்."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். தண்ணீர் இன்னும் மிச்சமிருந்த, கொக்குகள் நின்றிருந்த ஈரச் சேற்றுப் பக்கம் காட்டினாள்.

"அப்போ அதப் போடுங்க. அங்க இன்னும் நீங்க பாக்கல இல்ல?"

அவன் என்னைப் பார்த்தான். ஸ்விட்சைப் போட்டான். மிஷின் லேசாக முனகத் தொடங்கியது. அவள் எங்களுக்கு முன்னால், கணுக்கால் புதைய, நடந்துகொண்டிருந்தாள்.