கழற்றிய காப்பு

அண்ணர் மறைந்து இன்று முப்பத்தோராம் நாள். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், எங்கள் அண்ணர் கடவுளை மறந்தவர் என்றே நினைத்திருப்பீர்கள். அந்த எண்ணத்தை வளர்த்தவள் தங்கையாகிய நான்தான்.

அண்ணர் யாழ்ப்பாணத்து வேலணையில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். போரில் மனைவியையும் ஆறு வயது மகளையும் ஒரே நாளில் இழந்தார். பாரிசுக்கு வந்தபின் சாமிப் படத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மகளின் பெயரை வீட்டில் யாராவது சொன்னால், சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழும்பிப் போய்விடுவார்.

பாரிசின் லா சப்பல் பகுதியில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். கூட வேலை செய்தவர் ஒரு சீக்கியர். சிங் ஐயா என்றே நாங்கள் அழைப்போம். மெட்ரோப் படி ஏறும்போதும், வெங்காயம் உரிக்கும்போதும் அவர் வாய் ‘வாகேகுரு’ என்று இறைவனைச் சொல்லிக்கொண்டே இருக்கும். “இவ்வளவு கூப்பிட்டு என்ன கிடைச்சது?” என்று அண்ணர் ஒருநாள் எரிந்து விழுந்தாராம். “ஒன்றும் கேட்கவில்லை. அவரை மறக்காமல் இருக்கிறேன், அவ்வளவுதான்” என்று அரைகுறைப் பிரெஞ்சில் பதில் வந்ததாம்.

அண்ணர் அதைப் பல மாதம் மனத்துக்குள் போட்டு உருட்டினார். பிறகு ஞாயிறுகளில் சிங் ஐயாவுடன் சீக்கியர் கோயிலான குருத்துவாராவுக்குப் போகத் தொடங்கினார். வாசலில் வருவோர் கழற்றிவிடும் சப்பாத்துகளைத் துடைத்து அடுக்குவது அவர் கேட்டு வாங்கிய தொண்டு. சிங் ஐயா அண்ணரின் வலக்கையில் ஓர் இரும்புக் காப்பைப் போட்டுவிட்டார். கழுவும் சட்டியில் அது தட்டும்போதெல்லாம் இறைவனை நினைப்பது அண்ணருக்கும் பழக்கமாயிற்று.

“கொண்ணர் அங்கை சப்பாத்துத் துடைக்கிறார்” என்று ஓர் உறவினர் அண்ணரைப் பற்றிச் சொன்னபோது என் மானம் கப்பலேறிவிட்டது. நேரே போய்ச் சண்டை பிடித்தேன்.

“அண்ணை, சனம் என்ன சொல்லும்?”

“தங்கச்சி, கடவுளை நினைச்சுக்கொண்டு துடைக்கேக்கை, பிள்ளையை நினைக்கப் பயமில்லாமல் கிடக்கு.”

அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, அன்றுதான் மகளைப் பற்றி அவர் வாயால் கேட்டேன். அப்போதும் என் கோபம் ஆறவில்லை.

நுரையீரலில் புற்றுநோய் முற்றி அண்ணர் மருத்துவமனையில் கிடந்தபோது, லண்டனிலிருந்து உறவினர் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். சீக்கியர் காப்பு அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று நினைத்தேன். “ஸ்கான் எடுக்கோணுமாம், காப்பைக் கழட்டச் சொன்னவை” என்று பொய் சொன்னேன். சவர்க்கார நுரை பூசிக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டேன். அண்ணர் என்னை நம்பிக் கையை நீட்டினார்.

வந்தவர்கள் போனதும் போட்டுவிடலாம் என்றிருந்தேன். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவரது இடக்கை விரல்கள் வலக்கை மணிக்கட்டைத் தடவித் தடவித் தேடின. ஐந்தாம் நாள் காலை கண் திறந்தார்.

“ஸ்கான் முடிஞ்சுதே, தங்கச்சி?”

கட்டிலருகே உறவினர் இருந்தார்கள். “இன்னும் இல்லை, அண்ணை” என்றேன். மதியத்துக்குள் அவர் மூச்சு அடங்கியது.

இரவு பகல் பாராமல் கவனித்த தாதியருக்கும், தூரம் பாராமல் வந்த உறவுகளுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு தந்த அயலவருக்கும் நன்றி. சிங் ஐயாவுக்கு நன்றி சொல்ல எனக்கு முகமில்லை. சவப்பெட்டியை மூடுமுன் காப்பை அவரிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் அதை அண்ணரின் கையில் போட்டுப் பார்த்தார். வீங்கியிருந்த கையில் காப்பு ஏறவில்லை. உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் மடங்கவில்லை.

அண்ணை, ஸ்கான் ஒன்றும் இருக்கவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

— தங்கை