பிரிக்காத மூன்று ட்யூப்

செல்வராசுவின் மனைவி கலா, மருந்து கொடுக்கும் ஜன்னலில் மூன்று ஆயின்ட்மென்ட் ட்யூபை வைத்தாள். ஒன்றின் சீல்கூட உடைபடவில்லை.

“இடுப்பு வலின்னு மூணு மாசமா வாங்கிட்டு வர்றாரு சார். ஒண்ணையும் தொறக்கல. மாடியில தனியாப் படுத்துக்குறாரு. கிட்டப் போனா எரிஞ்சு விழறாரு. வேற எவளோ இருக்கா. ஞாயித்துக்கெழம நான் ஆண்டிமடத்துக்கு, அம்மா வூட்டுக்கே போறேன்.”

“ஞாயிறுக்குள்ள நான் அவன்கிட்ட பேசறேன், பொறும்மா” என்று சொல்லி அனுப்பினேன்.

ஆலத்தியூர் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்போது நான் பார்மசிஸ்ட். இருபத்தாறு வருட சர்வீஸ். செல்வராசு சிமெண்ட் ஆலையில் பேக்கிங் ஆள். நாற்பத்து நாலு வயது, சுகர் வந்து ஆறு வருடம். மாத்திரை வாங்கும்போது, “அப்படியே இடுப்பு வலிக்கும் எதாச்சும் குடுங்க சார்” என்பான். பின்னால் வரிசை நிற்கும். ஒரு ட்யூபைத் தள்ளிவிட்டு “அடுத்து!” என்று கத்துவேன். சிடுமூஞ்சி என்று எனக்குப் பெயர். பொருத்தமான பெயர்தான்.

பிரிக்காத ட்யூப்களைப் பார்த்தபிறகுதான் மண்டையில் உறைத்தது. இங்கே ஆண்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றை ‘இடுப்பு வலி’ என்றுதான் சொல்வார்கள்.

மறுநாள் அவனை ஸ்டோர் ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

“எந்த எடத்துல வலி செல்வராசு?”

தலையைக் குனிந்துகொண்டான். “வலியே இல்ல சார். ஒரு வருசமா பொண்டாட்டிகூட... ஒண்ணும் முடியல.”

“கலாகிட்ட சொன்னியா?”

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சார் சொல்றது? சுகர் மாத்திரையாலதான் இப்படி ஆகுதுன்னு கூட வேல செய்யறவங்க சொன்னாங்க. வாங்கிட்டுப் போறதோட சரி, நாலு மாசமாப் போடல.”

“அடப்பாவி! மாத்திரையால இல்லடா, சுகராலதான் ஆகுது.”

டாக்டர் அறைக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். டாக்டர் திட்டவில்லை. பிரஷர், இதயம், ரத்தம் எல்லாம் பார்த்தார். சுகர் எகிறியிருந்தது. வெயிலில் கிடைக்கும் வைட்டமின் டி குறைவு.

“இந்த ஊர் வெயில்ல எனக்கு வெயில் சத்து கொறச்சலா?” என்றான் செல்வராசு.

“நைட் ஷிஃப்ட் பாத்துட்டுப் பகல் பூரா தூங்குறீங்க. வேலையிலயும் தலையிலேர்ந்து கால் வரைக்கும் மூடியிருக்கீங்க. எங்கேர்ந்து வெயில் படும்? அதுக்கு மாத்திரை தரேன். ஆனா அதுவே இதச் சரி பண்ணிடும்னு நெனச்சிடாதீங்க. சுகர் மாத்திரைய விடக்கூடாது. தெனம் வேகமா நடக்கணும்.”

“ராத்திரி பூரா மூட்டதானே சார் தூக்குறேன்?”

“அது வேற, விடாம நடக்குறது வேற. ரத்த ஓட்டம் நல்லா இருக்கணும்ல. மொதல்ல வூட்டுல சொல்லுங்க.”

சனிக்கிழமை சொல்லிவிட்டான். கலா ஆண்டிமடம் போகவில்லை.

நாலு மாதம் கழித்து இருவரும் சேர்ந்து வந்தார்கள். சுகர் இறங்கியிருந்தது. “மத்ததும் பரவால்ல சார். முழுசா இல்ல” என்று வெட்கத்தோடு சிரித்தான்.

“நடக்கறப்ப என்னைய முன்னால போகச் சொல்றாரு சார்” என்றாள் கலா. “மூச்சு வாங்குறது எனக்குத் தெரியக் கூடாதாம்.”

புதிதாக வேலைக்குச் சேரும் பார்மசிஸ்ட் பிள்ளைகளே, எங்கே வலி என்று கேளுங்கள். கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். நான் இருபத்தாறு வருடம் கேட்கவில்லை. வரிசை நீளம் என்று சொல்லிக்கொண்டேன். அது பொய். அப்போது எனக்கும் சுகர் வந்து ஒன்பது வருடம். வருகிறவர்களைக் கேட்டால் என்னையும் கேட்டுக்கொள்ள வேண்டி வருமே என்ற பயம்தான்.

அன்றைக்கு அவர்கள் இருவரும் போனதும் டாக்டர் அறைக்குள் போனேன்.

“என்ன சார், உடம்புக்கு எதாச்சுமா?” என்றார்.

“இடுப்பு வலி டாக்டர்” என்றேன்.

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.