துரைராஜின் இருட்டறை

செய்தி வந்தபோது காலை பத்தேகால். தாய்ச் செடிகளின் அடியிலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். துரைராஜ் அண்ணனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்ததால், "டேப் கிடைச்சுதாண்ணே?" என்று கேட்டுக்கொண்டேதான் எடுத்தேன்.

பேசியது அவருடைய மனைவி மங்கையர்க்கரசி. "மேடம், அவரு போயிட்டாரு" என்றார். பிறகு யாரோ போனை வாங்கி மீதியைச் சொன்னார்கள். போவன்பள்ளியில் ஒரு எலெக்ட்ரிகல் கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். கடைக்காரர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

துரைராஜ் எங்கள் எலெக்ட்ரீஷியன். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரப் படையோடு செகந்திராபாத் வந்த குடும்பம். தமிழ்நாட்டைக் கல்யாணங்களுக்கும் சாவுகளுக்கும் மட்டுமே பார்த்தவர். திருமுல்கேரியில் பிறந்து, அங்கேயே பழைய காலனி ஒன்றில் வீடு கட்டி, பல கம்பெனிகளுக்கு ஒயரிங் செய்து ஓய்ந்து, கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

மேட்சல் சாலையில் இருக்கிறது எங்கள் பசுமைக்குடில். அங்கே மருந்து ஆராய்ச்சிக்காக, அரசு உரிமத்தோடு, கஞ்சா வளர்க்கிறோம். வேலையில் சேர்ந்த அன்று அதைக் கேட்டதும் துரைராஜ், "வீட்ல மூலிகைன்னு சொல்லிக்கிறேன் மேடம்" என்றார்.

மூலிகை ரொம்ப நாள் தாங்கவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் அவருடைய மைத்துனர் இலைக்கு இலை கேட்கும்படி விசாரித்தாராம்: "கைக்கு மாமா, ஏன் இந்த வயசுல இந்த வேலை? சம்பளம் காசா குடுக்கறாங்களா, பொட்டலமா குடுக்கறாங்களா?"

"பொட்டலந்தான். உனக்கு நக்கோ, வேணாம். நீ சும்மாவே அப்பிடித்தான் இருக்கே."

இதை என்னிடம் சொன்னபோது அவர் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்கு மங்கையர்க்கரசியை மட்டும் அனுப்பிவிடுவார்.

அந்தச் செடி இரவை அளக்கும். குளிர்காலத்தில் இரவு நீண்டால், தான் வளர்ந்தோமா இல்லையா என்று பார்க்காது, பூக்கத் தொடங்கிவிடும். அதனால் குடிலின் ஒரு பாதியில் பொழுது சாய்ந்ததும் விளக்குகளைப் போட்டு, இன்னும் கோடைதான் என்று அதை நம்பவைப்போம். ஜனவரியில் எங்கள் ஊரில் குளிர் எலும்பில் ஏறும், ஹீட்டர்களும் ஓடும். வெட்டி நடக் கிளை தரும் தாய்ச் செடிகள் இந்தப் பாதியில் இருக்கும். மறுபாதி இருட்டறை. போதுமான அளவு வளர்ந்த செடிகளைப் பூப்பதற்காக அங்கே கொண்டுபோய் வைப்போம். பகல் முழுக்க அங்கும் விளக்கு உண்டு. சாயங்காலம் அணைந்த பிறகு மறுநாள் காலை வரை ஊசிமுனை வெளிச்சம்கூடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே, இரண்டு அடுக்குக் கறுப்பு ஷீட் அடித்த ஒரே ஒரு சுவர். ஒரு பக்கம் பொய்ப் பகல், மறுபக்கம் மெய் இரவு; இரண்டுக்கும் பொறுப்பு துரைராஜ்.

போன குளிர்காலத்துப் பயிர் பாழாய்ப் போனது. பூ வந்தது, நின்றது. பூவுக்குள்ளிருந்து இலை முளைத்தது. சில செடிகள் மகரந்தம் கட்டி அறை முழுவதையும் விதையாக்கிவிட்டன. உரம், தண்ணீர், ஹீட்டர் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தோம். எதுவும் பிடிபடவில்லை. கலால் இன்ஸ்பெக்டர் ராகவேந்திரா, அழிக்கப்போகும் பயிரை எடை போட வந்தவர், இருட்டறையின் விளக்குகள் அணையும் நேரத்தில் உள்ளே நின்றிருந்தார்.

"ஆ எர்ர லைட் ஏன்ட்டி?" என்றார். அந்தச் சிவப்பு விளக்கு என்ன என்று கேட்கிறார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவர் கையை நீட்டிக் காட்டினார். மூலையில் முருகன் படம். அதன் முன்னால் சின்னச் சிவப்பு ஜீரோ வாட் பல்பு. வேலைக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை துரைராஜ் மாட்டியது. ராப்பகலாக எரிந்துகொண்டிருந்தது. செடியின் இரவை முறிக்கச் சிவப்பு வெளிச்சம்தான் முதன்மையானது என்று நாங்கள் பாடத்தில் படித்திருக்கிறோம். தினமும் உள்ளே போகும்போது அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கும்பிட்டுவிட்டுப் போனோம்.

துரைராஜ் பதறிப்போய் ராகவேந்திராவிடம், "நை சாப், வோ லைட் நை. சாமி ஹை" என்றார்.

சாமி சாமிதான், விளக்கில் சேர்த்தி இல்லை. அவர் மட்டுமல்ல, நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம், சபீனாவைத் தவிர. பரிசோதனைக் கூடத்தில் இருப்பவள், வாணியம்பாடிக்காரி. "எனக்கு மொத நாளே தோணுச்சு. ஆனா சாமி வெளக்க அணைங்கன்னு நான் எந்த வாயால சொல்றது?" என்றாள். யாராலும் அவளைக் குறை சொல்ல முடியவில்லை.

துரைராஜ் ஸ்டூல் போட்டு ஏறினார். பல்பைக் கழற்றும் முன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். படத்தைப் பேப்பரில் சுற்றி, திருமுல்கேரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாராம். முருகனை ஏன் வீட்டுக்குக் கூட்டிவந்தீர்கள் என்று மங்கையர்க்கரசி கேட்டதற்கு, "அவருக்கு டிரான்ஸ்பர் ஆயிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது.

எங்கள் உரிமம் இந்த மார்ச்சோடு முடிகிறது. அதற்குள் ஒரு முழுப் பயிரை இன்ஸ்பெக்டர் முன்னால் எடை போட்டுக் கொடுத்தால்தான் புதுப்பிப்பார்கள். இல்லையென்றால் குடிலை மூடவேண்டியதுதான். நிர்வாகம் இதைச் சொன்ன கூட்டத்தில் துரைராஜ் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் என்னிடம், "ஒரு பயிர், மேடம். ஒரே ஒரு பயிர் நல்லபடியா எடுத்துக் குடுத்துட்டு நான் வீட்டுக்குப் போயிடறேன்" என்றார்.

அதன் பிறகு அவர் இருட்டைத் தேட ஆரம்பித்தார். ஹீட்டரின் சிவப்புப் புள்ளி, சுவிட்ச் போர்டின் பச்சைப் புள்ளி என்று கண் சிமிட்டிய எல்லாவற்றின் மேலும் கறுப்பு டேப் ஒட்டினார். தினமும் சாயங்காலம் அறை விளக்குகள் அணைந்ததும், கவிழ்த்த பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்துவிடுவார், கையில் ஒரு சாக்பீஸோடு. அந்நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் தாய்ச் செடிகளின் விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும்.

ஒருநாள் நானும் கூட உட்கார்ந்தேன். "ஒண்ணுமே தெரியலையேண்ணே, நல்ல இருட்டுதானே?"

"இருங்க மேடம். இப்ப எல்லாமே இருட்டுதான். கண்ணு பழகணும். பழகினாத்தான் திருட்டு வெளிச்சம் தெரியும்."

என் மூச்சும், ஹீட்டர் சூடாகி ஆறும் டிக் டிக்கும்தான் கேட்டன. எவ்வளவு நேரம் போனதோ. திடீரென்று சுவரில் ஒரு கடுகு மின்னியது. அவர் எழுந்து போய் விரலால் தடவி, அதைச் சுற்றி வட்டம் போட்டார். "நாளைக்குக் காலைல ஒட்டிடலாம்." வெளிச்சத்தில் ஓட்டை தெரியாது, இருட்டில் வட்டம் தெரியாது. அதனால் சாயங்காலம் வட்டம், காலையில் டேப்.

இந்தத் தடவை பூ நன்றாக வந்தது. பொங்கலுக்குப் பாதி ஊர் காலியாகக் கிடந்தபோதும் அவர் வந்தார். "வீட்ல ஒண்ணும் சொல்லலையாண்ணே?" என்றேன். "பொங்கலை டிபன் பாக்ஸ்ல கட்டிக் குடுத்துட்டா. ஹவ், ஆமா, இந்த வருசம் அவகிட்ட பேச்சு கம்மிதான்" என்றார். முகம் ரொம்ப வாடியிருந்தது. மாடிப்படி ஏறும்போது நின்று நின்று ஏறினார். ஒரு டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். அறுவடை முடியட்டும் என்றார்.

அவர் இறப்பதற்கு முந்தின நாள் காலை, நடுச்சுவரில் மூன்று வட்டங்கள் இருந்தன. இரண்டை ஒட்டியதும் டேப் தீர்ந்துவிட்டது. "நாளைக்கு வர்றப்போ போவன்பள்ளில எறங்கி வாங்கியாறேன்" என்றார். அன்றைய இரவுக்கு மட்டும், மூன்றாவது ஓட்டைக்கு நேரே தாய்ச் செடிகள் மேல் இருந்த ஒரு வரிசை விளக்கை அணைத்து வைத்தார். ஒரு ராத்திரி தாங்கும் என்றார்.

சாவு வீட்டில் மங்கையர்க்கரசி என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய், ஒரு கறுப்பு டேப் சுருளைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "சட்டைப் பையில இருந்துச்சு. உங்க ஆபீஸ் சாமான்." அவர் குரலில் கோபம் இருந்ததா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. கூடத்துச் சுவரில் அந்த முருகன் படம். முன்னால் அந்தச் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் இருட்டறைக்கு சீல் வைத்தார்கள். உரிமத்தில் சாவிக்குப் பொறுப்பாளர் துரைராஜ். அவர் உடன் இல்லாமல் யாரும் உள்ளே போகக்கூடாது என்பது நிபந்தனை. ராகவேந்திரா அரக்கை உருக்கி ஊற்றும்போது என்னைப் பார்க்கவில்லை. "பேரு மாரேதாகா சீல் மேடம். ஏம் சேஸ்தாம்" என்றார். பெயர் மாறும் வரை சீல்தான், நாம் என்ன செய்ய முடியும்? பெயரை மாற்றும் உத்தரவு மேலே எங்கோ கிடக்கிறது. தண்ணீர் குழாயில் சொட்டுகிறது. விளக்கும் ஹீட்டரும் டைமரில் ஓடுகின்றன. உள்ளே செடிகள் தம் பாட்டுக்கு முற்றுகின்றன.

சபீனாவும் நானும் தாய்ச் செடிகளின் பக்கத்திலிருந்து நடுச்சுவரைத் தடவித் தடவிப் பார்த்தோம். இரண்டு அடுக்கு ஷீட்டின் மடிப்பில் வெளிச்சம் எங்கே புகுந்து எங்கே போகிறதோ, கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் அணைத்த வரிசையை நான் போடவில்லை. போட்டால் உள்ளே இருக்கும் பயிர் போய்விடும். போடாததால் அந்த வரிசைத் தாய்ச் செடிகளின் கணுக்களில் பூவின் வெள்ளை நூல்கள் எட்டிப் பார்க்கின்றன. பூத்துவிட்டால் அடுத்த பயிருக்கு அங்கே கிளை வெட்ட முடியாது. சபீனா இன்று கேட்டாள்: "எத்தனை நாளைக்கு அணைச்சே வைப்பீங்க?" 

டேப் சுருள் பிரிக்கப்படாமல் என் மேசை மேல் இருக்கிறது. மூன்றாவது வட்டம் இன்னும் ஒட்டப்படவில்லை.